மதிப்பீடு முடியும்வரை

கட்டிலில் அப்பா இல்லை. மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. முதியோர் இல்லத்தில் மெத்தையைச் சுருட்டி வைத்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு என்பது அங்கே வந்துபோகிற எல்லாருக்கும் தெரியும். அப்பாவைப் பார்க்க வந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கும் தெரியும். கையிலிருந்த ஆரஞ்சுப் பழப் பையைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. வெளியூரிலிருக்கும் அக்காவுக்கு முதலில் சொல்வதா, மனைவிக்கு முதலில் சொல்வதா என்பதுதான் மனசில் ஓடியது.

பக்கத்துக் கட்டில் பெரியவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். அவரைக் கேட்டுப் பயனில்லை. வாளியோடு வந்த ஆயாவைக் கேட்டான்.

"அய்யாவ முன்னாடி கொண்டுபோயிட்டாங்க சார்," என்றாள் அவள். "போய்ப் பாருங்க. உங்களுக்கே அடையாளம் தெரியாது."

முன்பக்கம் வரவேற்பறையை ஒட்டி ஓர் அறை இருப்பதும், அதற்கு 'மாதிரி அறை' என்று பெயர் இருப்பதும் அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. உள்ளே பெரிய ஜன்னல். பச்சைத் திரை. கலையாத வெள்ளை விரிப்பு. ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில், சவரம் செய்து, நகம் வெட்டி, தலை படிய வாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அப்பா.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. மெக்கானிக்கின் வீடு நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவன் வீட்டுக்குப் படியேறித்தான் போக வேண்டுமா என்று கேலி செய்யாத ஆள் இல்லை. மனைவிக்கு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒருநாள் அப்பா குளியலறை வாசலில் விழுந்து, அவர்கள் திரும்பி வரும்வரை அங்கேயே கிடந்தார். அதற்கப்புறம்தான் இந்த இல்லம். கவனிப்பு என்று ஒன்று இருக்கும் என்றுதான் சேர்த்தான்.

பின் வார்டில் கவனிப்பு எப்படி என்றால், ஒரே ஆயா, கட்டில்கள் நிறைய. நனைந்த விரிப்பு நனைந்தபடி கிடக்கும். ஒரு பக்கமாகப் படுக்கவைத்தால் படுக்கவைத்த பக்கம்தான். அப்பாவின் முதுகில் புண் வந்தபோது மெக்கானிக் போய்க் கேட்டான். அதைப் புண் என்று சொல்லக்கூடாது, 'நீடித்த ஓய்வின் தோல் அனுபவம்' என்று சொல்ல வேண்டும் என்று மேலாளர் திருத்தினார். மருந்து மட்டும் வரவில்லை.

அந்த மேலாளர் இப்போது அறை வாசலில் நின்று முகமெல்லாம் பல்லாக இருந்தார்.

"தர மதிப்பீட்டுக் குழு வர்றாங்க சார். மாதிரி முதியவரா உங்கப்பாவைத்தான் தேர்ந்தெடுத்திருக்கோம். நல்ல களையான முகம். அதைவிட முக்கியம், பேச்சு வராது. மத்தவங்க வாயத் தொறந்தா நம்ம மானம் கப்பலேறிடும்."

"எவ்வளவு நாள் சார் இங்க இருப்பாரு?"

"மதிப்பீடு முடியறவரைக்கும்."

மெக்கானிக் தலையாட்டினான். ஆரஞ்சு ஒன்றை உரித்துச் சுளையை அப்பாவின் வாயில் வைத்தான். அவர் மென்றார். பின் வார்டில் அவர் மென்று பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

குழு மறுநாள் வந்தது. தலைமை மதிப்பீட்டாளர் ஓர் அம்மையார். கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டு, தேவைப்படாதபோதெல்லாம் அணிந்துகொள்வார். கூடவே அளவு நாடாவோடு ஒருவர். அவரை எல்லாரும் அளவுக்காரர் என்றே அழைத்தார்கள். சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ள ஓர் இளநிலை மதிப்பீட்டாளர். மாதிரிக் குடும்பத்தினராக இருக்கும்படி மேலாளர் கேட்டுக்கொண்டதால் மெக்கானிக் வேலைக்கு விடுப்புப் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான்.

கதவு திறந்துதான் இருந்தது. அம்மையார் வாசலில் நின்று கதவைத் தட்டினார்.

"உள்ள வரலாமா?"

முதியவரின் அனுமதி இல்லாமல் அவர் அறைக்குள் யாரும் நுழையக்கூடாது; அது மாண்பு விதி. அப்பா அம்மையாரை ஆர்வமாகப் பார்த்தார். பதில் சொல்லவில்லை, சொல்ல முடியாது. அம்மையார் காத்திருந்தார். மறுபடி தட்டினார், மறுபடி காத்திருந்தார். கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த ஆயா குழுவுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். கஞ்சி ஆறியது. ஆறிய கஞ்சி தரம் குறைவு என்று அதைக் கொண்டுபோய் வேறு கஞ்சி கொண்டுவரச் சொன்னார்கள். அதுவும் ஆறியது. அப்பா கிண்ணத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கையெட்டும் தூரத்தில் சாப்பாடு, நடுவில் மாண்பு.

மெக்கானிக்குக்குக் கால் கடுத்தது. "வாங்கம்மா," என்றான்.

"குடும்பத்தின் பங்கேற்பு, மிகச் சிறப்பு," என்று அம்மையார் சொல்ல, இளநிலை எழுதிக்கொண்டார். எல்லாரும் உள்ளே வந்தார்கள். அளவுக்காரர் கட்டில், நாற்காலி, மேசை, ஜன்னல் எல்லாவற்றையும் அளந்தார். ஆயாவைச் சிரிக்கச் சொல்லி அதையும் அளந்தார்.

"அப்பாகிட்ட ஏதாவது கேக்கணுமாம்மா? தலையாட்டுவாரு," என்றான் மெக்கானிக்.

அம்மையார் அவனைக் கனிவாகப் பார்த்தார். "முதியவங்களைக் கேக்கறது எங்க முறையில இல்லைங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. அதை வச்சு ஒரு முடிவுக்கு வர முடியாது. கவனிப்பும் அப்படித்தான், ஆளுக்கு ஆள் மாறும். அதனால நாங்க மாறாததை அளக்கறோம். கட்டில், சுவர், கதவு."

மேலாளர் உடனே தன் சாதனைகளை எடுத்துவிட்டார். "நம்ம இல்லத்துல இதுவரைக்கும் ஒருத்தர்கூட கீழ விழுந்ததில்லை மேடம். விழணும்னா முதல்ல எந்திரிக்கணும். நாங்க யாரையும் எந்திரிக்க விடறதில்லை. அழைப்பு மணி அடிச்சு யாரும் வரலைங்கற புகாரும் கிடையாது. மணிக்கயிறு எல்லாத்தையும் எடுத்து மேல கட்டிட்டோம்."

"தொலைநோக்கு," என்றார் அம்மையார். இளநிலை அடிக்கோடிட்டார்.

அவர்கள் போனபிறகு அப்பா யார் இவர்கள் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். இதையெல்லாம் அவருக்கு எப்படி விளக்குவது என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. "டெஸ்ட் எடுக்க வந்திருக்காங்கப்பா," என்று சொல்லிவைத்தான். அப்பா நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குழு தினமும் வந்தது. அது வரும் என்பதால் அப்பாவுக்குத் தினமும் குளியல், தினமும் புது விரிப்பு. அப்படியும் இப்படியும் திருப்பிப் படுக்கவைத்தார்கள். முதுகுக்கு மருந்து வந்தது. கைகாலை நீவிவிட ஒருவர் வந்தார். பேச்சுப் பயிற்சிக்கு ஒருவர் வந்தார். இவர்களெல்லாம் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று கேட்கக்கூடாது, கண் பட்டுவிடும்.

ஒருநாள் சாயங்காலம் மெக்கானிக் வந்து உட்கார்ந்ததும் அப்பா, "தண்ணி," என்றார்.

குழறித்தான் வந்தது. ஆனாலும் தண்ணிதான். மெக்கானிக் அவசரத்தில் டம்ளரைச் சாய்த்துப் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். அவனுக்குச் சந்தோஷம் என்று ஒன்று வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. வந்தபோது அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம், "அப்பா தண்ணி கேட்டாரு," என்றான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

அந்த வாரக் கடைசியில் அம்மையார் பேனாவை மூடினார். "வேலை முடிஞ்சிருச்சு. யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

"இருந்தா என்ன ஆகும்மா?" என்று கேட்டான் மெக்கானிக்.

"மதிப்பீடு முடிஞ்சதா ஆகாது. ஆட்சேபம் தீர்றவரைக்கும் எல்லாம் இருக்கிற நிலையிலேயே இருக்கணும். முதியவர் உட்பட."

மெக்கானிக்கின் மனசில் ஏதோ ஒன்று சட்டென்று பொருந்தியது. "இருக்குது," என்றான். உண்மையைச் சொல்வதுதானே நியாயம் என்று அம்மையாரைப் பின் வார்டுக்கே கூப்பிட்டான். அங்கே ஈர விரிப்பில் கிடக்கிறவர்களையும், மேலே கட்டிய மணிக்கயிறுகளையும் வந்து பாருங்கள் என்றான்.

"பின் வார்டு மாதிரியில சேராது," என்றார் அம்மையார். "மாதிரியில இல்லாததைப் பத்தி ஆட்சேபிக்க முடியாது. அப்படி எல்லாத்தையும் பாக்கறதா இருந்தா அப்புறம் மாதிரி எதுக்கு? வேற ஏதாவது?"

பேனாவைப் பையில் வைக்கப் போனார். மெக்கானிக் அறையைச் சுற்றிப் பார்த்தான். "திரை பச்சையா இருக்கு," என்றான். வாயில் வந்தது அதுதான்.

அம்மையார் கண்ணாடியை அணிந்துகொண்டார்.

"பச்சைன்னா, எந்த விதமான பச்சை?"

"ஒரு மாதிரி... மனசைச் சோர்வாக்கற பச்சை."

இளநிலையின் பேனா பரபரத்தது. அளவுக்காரர் திரையைத் தொட்டுப் பார்த்து, இது தன் நாடாவுக்கு அப்பாற்பட்டது என்று தாழ்மையாகத் தெரிவித்தார். நிற ஆய்வுக்கென்று தனிக் குழு அமைக்கப்பட்டது. அவர்கள் வரும்வரை அப்பா மாதிரி அறையிலேயே இருந்தார்.

அதற்குப் பிறகு மெக்கானிக் நிற்கவில்லை. நிறக்குழு திரையைச் சோர்வற்ற பச்சை என்று தீர்ப்பளித்த அன்றே நாற்காலியின் கை வழவழப்பாக இருக்கிறது என்று ஆட்சேபித்தான். பிறகு கதவுக் கீல். பிறகு கடிகாரம். கடிகாரத்துக்கு வந்த நிபுணர்கள் ஒரு மத்தியானம் முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அது சரியான நேரத்தைத்தான் காட்டுகிறது, ஆனால் அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறது என்று எழுதினார்கள். ஈர விரிப்புக்கு வராதவர்கள் கடிகாரத்துக்கு வந்தார்கள். மேலாளருக்குக் கோபம் வரும் என்று மெக்கானிக் பயந்திருந்தான், அவரோ அவன் தோளில் தட்டி, "நல்லாத் தேடுங்க சார். இவ்வளவு நாள் மதிப்பீடு நடந்த இல்லம் வேற எங்கயும் இல்ல," என்றார்.

அப்பா தேறினார். "ஜன்னலைத் தொற," என்றார். "நீ சாப்பிட்டியா," என்றார். ஒருநாள் நாற்காலியின் கையை இடது கையால் பிடித்து எழுந்து, மகனின் தோளைப் பற்றி ஜன்னல்வரை நடந்தார். தெருவில் பஸ் ஒன்று திரும்பியது. "கியரை மாத்தாம திருப்பறான் பாரு," என்றார். அப்போது அளவுக்காரர் ஓடிவந்து, "அய்யாவ உக்கார வைங்க, நாற்காலியை ஆளோட சேத்து அளந்துட்டிருக்கேன்," என்றார். உட்காரவைத்தார்கள்.

குழுவின் காலடிச் சத்தம் கேட்டாலே அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார். அவர்கள் போனதும், "எப்படிடா போச்சு?" என்பார். "நல்லாப் போச்சுப்பா," என்பான் மகன்.

ஒருநாள் நடைக்கூடத்தில் ஆயாவைப் பார்த்து, பின் வார்டை இப்போது யார் கவனிக்கிறார்கள் என்று கேட்டான்.

"யாரும் இல்ல சார். நானும் இங்கதான இருக்கேன், மதிப்பீடு முடியற வரைக்கும். காலைல ஒரு தடவ போயி எட்டிப் பாத்துட்டு வருவேன்."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. சுவரைப் பார்த்துக் கிடந்த பெரியவரின் முகம் நினைவுக்கு வந்தது. வீட்டில் மனைவியிடம் சொன்னான். அவள் சாப்பாட்டைத் தட்டிலேயே அளைந்துகொண்டிருந்துவிட்டு, "அவங்க பிள்ளைங்களும் ஆட்சேபிக்கட்டுமே," என்றாள். அப்புறம், "நான் இப்படிப் பேசறேன் பாருங்க," என்றாள். மறுநாள் மெக்கானிக் தலையணை உறையின் தையலைப் பற்றி ஆட்சேபித்தான்.

எதற்கும் ஒரு முடிவு உண்டே. ஒரு நாள் இல்லத்தின் கூடத்தில் மேடை போட்டு, நாற்காலிகள் அடுக்கி, எல்லாரையும் வரச் சொன்னார்கள். எல்லாரும் என்றால் பின் வார்டு நீங்கலாக. அப்பாவை முன்வரிசையில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அம்மையார் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"எங்க பணிக்கால வரலாற்றுலயே இவ்வளவு ஆட்சேபங்களைச் சந்திச்ச இல்லம் வேற கிடையாது. திரை, நாற்காலி, கீல், கடிகாரம், தலையணை உறை. அத்தனையிலயும் இந்த இல்லம் ஜெயிச்சிருக்கு. இதுக்கு மேல இவங்களை மதிப்பிடறது இவங்களை அவமதிக்கற மாதிரி. அதனால யாருக்கும் கொடுக்காத நிரந்தர நம்பிக்கைத் தகுதியை இந்த இல்லத்துக்குக் கொடுக்கறோம். இனிமே இங்க மதிப்பீடே கிடையாது. இங்க இருக்கிற பெரியவங்களுக்கு நான் மகிழ்ச்சியோட சொல்லிக்கறேன். இனிமே உங்களை யாருமே வந்து பாக்க மாட்டாங்க."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. அம்மையார் கையமர்த்தி, "இதுக்கெல்லாம் ஒரே காரணம் ஒரு மகன். ஒவ்வொரு தடவையும் குறை தேடித் தேடி, இந்த இல்லத்துல குறையே இல்லைன்னு நிரூபிச்சவர்," என்று மெக்கானிக்கை மேடைக்கு அழைத்தார். அவன் ஏறினான். பூங்கொத்து கொடுத்தார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவனுக்குப் பூங்கொத்தும் கிடைத்தது அநேகமாக அங்கே மட்டும்தான் இருக்கும். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். அவன் சிரித்தான் என்றுதான் சொல்ல வேண்டும். படத்தில் அப்படித்தான் தெரிகிறது. கீழே அப்பா இடது கையால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் கூடவே இருக்க வேண்டும் என்று அவன் இறங்கி வருவதற்குள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். விழா முடிந்து நாற்காலிகளை எடுப்பதற்கு முன்பே மாதிரி அறையைப் பூட்டியாயிற்று. பேச்சுப் பயிற்சிக்காரர், கைகால் நீவுகிறவர் எல்லாரும் அம்மையாரின் வண்டியிலேயே ஏறிப் போனார்கள்.

திங்கட்கிழமை மெக்கானிக் மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போனான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஆட்சேபம் கொடுக்கணும்," என்றான்.

"எந்த இல்லம்?"

சொன்னான். அவர் நிமிர்ந்தார். குரலில் ஒரு மரியாதை வந்தது. "அவங்களா? அவங்க ரொம்ப உசரத்துக்குப் போயிட்டாங்க சார். மதிப்பீடு இருந்தாத்தான் ஆட்சேபம். அவங்களுக்குத்தான் மதிப்பீடே கிடையாதே."

"அங்க என் அப்பா இருக்காரு."

"கொடுத்து வச்சவரு," என்றார் அவர்.

வேறு இல்லங்களுக்கும் போய்ப் பார்த்தான். எல்லா இடத்திலும் முன்னால் ஓர் அறை இருந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று காட்ட யாரும் முன்வரவில்லை. வீட்டுக்கே கூட்டிவரலாம் என்றாள் மனைவி. இருவரில் யார் வேலையை விடுவது என்று பேச ஆரம்பித்தார்கள், பேச்சு முடியவில்லை. வேலையிடத்தில் இதற்குமேல் விடுப்பும் கிடையாது. அந்த வாரம் அப்படியே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை போனான். நடைக்கூடத்தில் புதுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். பின் வார்டில் அப்பா பழைய கட்டிலில், சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். முகத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தது. கஞ்சிக் கிண்ணம் மேசையில் அவருக்கு எட்டாத பக்கம் இருந்தது. மெக்கானிக் விரிப்பைத் தொட்டுப் பார்த்தான். நனைந்து, ஓரங்களில் காய்ந்தும் போயிருந்தது. எத்தனை நேரமாக என்று கேட்க ஆயாவைத் தேடினான். ஆயா வார்டின் அந்தக் கோடியில் யாரையோ தூக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றான்.

அப்பா கண்ணை மட்டும் திருப்பினார். மகன்தான் என்று தெரிந்ததும் வாய் அசைந்தது. தண்ணீரைப் புகட்டினான். கொஞ்சம் குடித்தார், கொஞ்சம் கழுத்தில் வழிந்தது.

"ஃபெயிலாயிட்டனாடா?" என்றார்.

மெக்கானிக்குக்குப் புரியவில்லை. "என்னப்பா?"

"டெஸ்ட்டுல."

மெக்கானிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். இல்லை என்றுதான் சொல்ல வந்தான். சொன்னால் அடுத்து, அப்புறம் ஏன் என்னை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று கேட்பார். மெத்தை சுருட்டிக் கிடந்த அன்றைக்கு வராத அழுகை இப்போதுதான் வந்தது. முகத்தைத் தாழ்த்திக்கொண்டு கம்பளியை மடிக்கிறவன்போல இருந்தான்.

அப்பா இடது கையைத் துழாவி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னொரு தடவ வரச் சொல்லுடா," என்றார், ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து. "இந்த வாட்டி ஒழுங்காப் பண்றேன்."

"சரிப்பா," என்றான் மகன். "சொல்றேன்."

எழுந்து அப்பாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து அவரை ஒரு பக்கமாகப் புரட்டினான். ஈர விரிப்பை உருவத் தொடங்கினான்.